நம்ம ஊர்த் தூசி இல்லை

ஒரு விரல் பொத்தானை அழுத்தியது. திரையில் ஏதோ ஓர் எழுத்து விழுந்தது. இன்னொரு கையிலிருந்த பென்சில், தாளில் வரைந்திருந்த கட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தது. மறுபடி விரல், மறுபடி புள்ளி. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வலது கட்டைவிரல் ஓரத்தில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு காய்ந்து அப்பியிருந்தது. அது பூசிக்கொண்டதல்ல, வேலையில் பட்டது. மொத்தம் எண்பத்தேழு கட்டங்கள். ஒவ்வொரு பொத்தானையும் தனியாக ஒரு முறை, பிறகு வேறு பொத்தானைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு முறை. சாலையில் மணலி டேங்கர் லாரி போனால் மேசை அதிரும். அப்போது விரல் அந்தரத்தில் நிற்கும். அதிர்வு அடங்கிய பிறகுதான் அடுத்த பொத்தான்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆள் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாம்மா, ஒவ்வொண்ணா எண்ணிக்கினு கீற? பல்லாங்குழியா ஆடுற?"

"எண்ணாம குடுத்தா, நாளைக்கு ஒண்ணு வேலை செய்யலன்னு நீதான அண்ணாத்த வந்து நிப்ப?"

"வருவேன்தான். சொம்மா வுடுவேனா?"

அந்த விரலுக்குச் சொந்தக்காரி வரலட்சுமி. திருவொற்றியூர் தேரடியிலிருந்து நாலாவது சந்தில், ஆறடிக்கு எட்டடி கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர். நாற்பத்து மூன்று வயது. இருபது வயதில் ஒரு பிரவுசிங் சென்டரில் நேரம் குறித்து வைக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். மூலையில் செத்துக் கிடந்த இரண்டு கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, இரண்டிலிருந்தும் ஒன்றை எழுப்பிவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் யார் சொன்னாலும் நம்புவதில்லை. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பமாட்டாள். வாங்கிவந்தவன் சொல்வதை நம்பமாட்டாள். தான் நேற்றுச் சோதித்ததையே இன்றைக்கு மறுபடி சோதிப்பாள். தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். அதைக் கேட்டு அவள் கோபப்பட்டதில்லை. தனக்கு வருவதில் பாதிகூட போலீஸ்காரனுக்குச் சந்தேகம் வராது என்பது அவள் எண்ணம்.

ஸ்டூலில் இருந்தவர் ஜெயவேல். வியாசர்பாடி குடியிருப்புக்காரர், திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் சரக்கு இறக்குபவர். அன்று வெள்ளிக்கிழமை மதியம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, துண்டில் சுற்றி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"எம் பொண்ணு யசோதராவுக்கு. ஜப்பான் பாஷை படிக்குது. அங்க வயசானவங்கள பாத்துக்குற ஹோம்ல வேலை. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டெஸ்ட்டு. கேமரா முன்னால குந்திக்கினு நாப்பது நிமிசம் ஜப்பான் எழுத்துல டைப் அடிக்கணுமாம். நடுவுல நின்னுச்சின்னா அவ்ளோதான், இன்னொரு தபா கெடையாதுன்னு சொல்லிட்டாங்கோ. அதுக்குத் தகுந்த மாதிரி ரெடி பண்ணிக் குடு."

வரலட்சுமி மூடியைத் திறந்தாள். பொத்தான்களில் ஆங்கில எழுத்தோடு மூலையில் ஜப்பான் எழுத்தும் அச்சடித்திருந்தது.

"எங்க வாங்கின?"

"ஜப்பான் படிக்கிறதுக்கு ஜப்பான் பொட்டிதான வேணும்? அதான் நம்ம தோஸ்து டில்லிபாபுகிட்ட சொல்லி வெச்சேன். கப்பல் சரக்கு. புத்தம் புதுசு."

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கப்பல் சரக்கு என்றால் ஒரு மரியாதை. கடையில் வாங்கியது கடைக்காரன் சொன்ன விலை, கப்பலில் வந்தது அசல் என்று இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஜப்பான் பாஷை படிக்க எந்தக் கம்ப்யூட்டரும் போதும், உள்ளே ஒரு அமைப்பை மாற்றினால் முடிந்தது என்று ஜெயவேலுக்குச் சொல்ல யாருமில்லை.

வரலட்சுமிக்கோ கப்பல் சரக்கு என்றாலே ஆகாது. போன வருஷம் ஒருவன் இப்படித்தான் கப்பல் சரக்கு என்று ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டாம் நாள் அவளை ஸ்டேஷனில் அரை நாள் உட்கார வைத்தார்கள். அது ஒரு மாலுமியின் அறையிலிருந்து திருடியது.

"பில்லு கீதா?"

"தோஸ்துகிட்ட இன்னா பில்லு?"

நாளைக் காலை பத்து மணி என்பதால்தான் வேலையை ஆரம்பித்தாள். சந்தேகத்தை ஓர் ஓரமாக வைத்தாள், கைக்கெட்டும் தூரத்தில்.

உள்ளே எல்லாமே ஜப்பான் எழுத்து. அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் எழுத்து தெரியாவிட்டாலும் இடம் தெரியும். தன் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்து அதே பக்கத்தைத் திறந்தாள். இங்கே ஏழாவது வரி என்றால் அங்கேயும் ஏழாவது வரி. அதற்குள் மூன்றாவது, அதற்குள் வலது ஓரம். விரலால் எண்ணி எண்ணி மொழிப் பகுதிக்குள் போய், ஆங்கிலத்தையும் சேர்த்து, நேரத்தையும் சென்னைக்குத் திருப்பினாள்.

"தெரியாத எழுத்தத் தட்டிக்கினு கீறியே, எதுனா பூட்டிக்கினா?"

"பூட்டிக்கினா நான் தொறப்பேன். நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா அண்ணாத்த."

அவர் போனார். ஐந்தே நிமிஷத்தில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தார். கணினி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் குடித்தார்.

மூன்றரை மணிக்கு யசோதரா வந்தாள். இருபத்து நாலு வயது, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவி நர்ஸ். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்த முகம். கையில் தடிமனாக ஒரு நோட்டு.

"அடிச்சிப் பாரும்மா," என்றாள் வரலட்சுமி.

யசோதரா உட்கார்ந்தாள். 'நான்' என்பதற்கு ஜப்பான் பாஷையில் வதாஷி. ஆங்கிலப் பொத்தான்களில் அப்படியே அடித்தால் ஜப்பான் எழுத்தாக மாற வேண்டும். அடித்தாள். திரையைப் பார்த்தாள். அழித்தாள். திரும்ப அடித்தாள்.

"இன்னா வந்துகீது?" என்றார் ஜெயவேல்.

"தெ... சி... கா... சி... தொகுநி."

"தேச்சி காச்சியா? இன்னா பாஷைடா இது? நீ நெசமாவே ஜப்பான்தான் படிச்சியா, இல்ல ஒரு வருசமா போனைத் தடவிக்கினு எங்கள டபாய்ச்சியா?"

"நைனா!"

"பின்ன இன்னா? வூட்ல அஞ்சு பேரு கீறோம். ஒருத்தனுக்காவது நீ படிக்கிறது சரியா தப்பான்னு தெரியுமா? நீ சொல்றதுதான வேதம்!"

வரலட்சுமி அவர்களைக் கவனிக்கவில்லை. பொத்தான்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பொத்தான அமுக்கின? இது... இது மூலையில இன்னா எழுத்து?"

"தெ."

"அடுத்தது?"

"சி."

பொத்தான் தன் மூலையில் இருக்கும் எழுத்தை அடிக்கிறது, நடுவில் இருக்கும் ஆங்கில எழுத்தை அல்ல. அப்படியானால் அடிக்க இரண்டு வழிகள் உண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற ஏதோ ஒரு பொத்தான் இருக்க வேண்டும். வரலட்சுமி தன் கட்டத்தாளை எடுத்தாள். அறுபத்தெட்டாவது கட்டத்தில் அவளே ஒரு சிறு வட்டம் போட்டிருந்தாள். முதலில் சோதித்தபோது அதை ஆல்ட் பொத்தானோடு சேர்த்து அழுத்தியதும் இரண்டு பொத்தான்களோடு ஒரு சின்ன ஜன்னல் வந்திருந்தது, அவள் இடது பக்கத்தைத் தட்டியிருந்தாள். இப்போது மறுபடி அதையே அழுத்தினாள். ஜன்னல் வந்தது. யசோதரா படித்துப் பார்த்து, "ஆமா, மாத்தவான்னு கேக்குது அக்கா," என்றாள். இடது பக்கத்தைத் தட்டிவிட்டு அடித்தபோது வதாஷி வந்தது.

"இது என் கைதான் அண்ணாத்த. டெஸ்ட் பண்ணும்போது நான்தான் மாத்திட்டேன்," என்றாள் வரலட்சுமி. செய்த தப்பை மறைக்கும் வழக்கம் அவளிடம் இல்லை.

ஜெயவேல் தலையை மெதுவாக ஆட்டினார். மனசுக்குள் ஏதோ எழுதி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

யசோதரா நாளைய டெஸ்ட்டைப் போலவே அடிக்கத் தொடங்கினாள். கேமரா விளக்கு எரிந்தது. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் திரை கறுத்தது. கணினி செத்துவிட்டது. ஆற வைத்து மறுபடி போட்டார்கள். பத்தொன்பதாவது நிமிஷத்தில் மறுபடி செத்தது. வரலட்சுமி அடிப்பக்கத்தைத் தொட்டாள். தோசைக்கல்.

"தொறக்கணும்," என்றாள்.

திறப்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. உள்ளே இருக்கும் பாகங்களின் எண்களை ஒரு தாளில் எழுதுவாள். ஒவ்வொரு பாகத்திலும் சொந்தக்காரர் மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். மூடியதும் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு. அதற்கப்புறம் யார் திறந்தாலும் பூச்சு உடையும், தெரிந்துவிடும். பாகத்தை மாற்றிவிட்டாள் என்று இருபது வருஷத்தில் ஒருத்தர் அவளைச் சொன்னதில்லை. சொல்ல வழி வைத்ததில்லை.

"இந்தா பேனா. மொதல்ல தாளுல போடு."

"கையெழுத்தா?" ஜெயவேல் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளினார். "நான் எங்கயும் கையெழுத்து போட மாட்டேன்."

"போடாம நான் தொறக்க மாட்டேன்."

"நைனாவுக்கு ஒரு தபா ஆயிடுச்சி அக்கா," என்றாள் யசோதரா மெதுவாக. "காண்ட்ராக்ட்காரன் இங்கிலீஷ்ல ஒரு பேப்பர நீட்டி, வருகைக்குப் போடுன்னான். போட்டாரு. நானே வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு அதுல எழுதியிருந்துச்சி."

"ஒம்போது மாசம்!" என்றார் ஜெயவேல். "ஒம்போது மாசம் வூட்ல குந்திக்கினு இருந்தேன்."

"அப்ப நான் போடுறேன் நைனா."

"நீயும் போடக்கூடாது! பொட்டி என்னுது."

மணி ஐந்து. தெருமுனைக் குழாயில் குடங்கள் வரிசைக்கு வந்தாயிற்று. மூன்று பேரும் அசையவில்லை. வரலட்சுமியின் பார்வை மேசையில் விரிந்து கிடந்த நோட்டில் விழுந்தது. ஒரே எழுத்து ஒரு பக்கம் முழுக்க, நூறு முறை. கோணிப்போன கோடுகளைச் சுற்றி யசோதராவே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். புரட்டினாள். எல்லாப் பக்கமும் அப்படித்தான். தன்னைத் தானே நம்பாதவள் எழுதிய நோட்டு. வரலட்சுமிக்கு அது நன்றாகப் புரிந்தது.

பேனாவை மூடி வைத்தாள். திருப்புளியை எடுத்தாள். இருபது வருஷத்தில் முதல் முறையாகக் கையெழுத்து இல்லாமல் ஒரு கணினியைத் திறந்தாள்.

பேட்டரியைக் கழற்றி, பதினொரு திருகாணிகளையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்து, அடிமூடியைத் தூக்கி யசோதராவிடம் நீட்டினாள். உள்ளே விசிறியை விரலால் தொட்டதும் கை நின்றது. விசிறியின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு மெத்தை. கம்பளி மாதிரி தூசி.

ஜெயவேல் எழுந்தேவிட்டார்.

"புதுப் பொட்டியில ஏதும்மா தூசி?"

"அதான் நானும் கேக்குறேன்."

"நீ கேக்குறியா? நான் டீ குடிக்கப் போனேன்ல, அப்ப மாத்திட்ட! எதோ கலீஜ் விசிறிய உள்ள சொருகிட்டு என்னுத எடுத்துக்கின. ஒரு தப்ப நீயே ஒத்துக்கின. ஒத்துக்காதது எத்தினியோ! எடு, எல்லாத்தையும் துண்டுல போடு. நான் டில்லிகிட்ட போறேன்."

"நைனா, நாளைக்கு டெஸ்ட்டு!"

"டெஸ்ட்டாவது ஒண்ணாவது! ஏமாந்து போறதுக்கா பொறந்தோம்?"

வரலட்சுமிக்கு முகம் சுண்டிவிட்டது. எதற்குப் பயந்து இருபது வருஷம் கையெழுத்து வாங்கினாளோ, ஒரு நாள் விட்டதும் அதுவே வந்து எதிரில் நின்றது. குரலை உயர்த்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கடை ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்துத் தாளின் ஒரு பக்கத்தில் இழுத்தாள். கறுப்பாக, எண்ணெய் பிசுக்காக ஒரு கோடு. இன்னொரு பக்கத்தில் விசிறித் தூசியைக் கிள்ளி வைத்தாள்.

"அண்ணாத்த, நீ யார்டுல தினம் எந்தத் தூசியத் தின்னுற?"

"இன்னாத்துக்குக் கேக்குற?"

"ரெண்டையும் தேச்சிப் பாரு."

அவர் முறைத்தபடியே விரலை வைத்தார். கறுப்புக் கோடு விரலில் அப்பியது. நிலக்கரியும் உப்புக் காற்றும் லாரிப் புகையும் சேர்ந்த, சோப்புப் போட்டாலும் போகாத தூசி. இருபத்தைந்து வருஷமாக அவர் சட்டைக் காலரில் இருப்பது. அப்புறம் மற்றதைத் தேய்த்தார். சாம்பல் வெள்ளை. பஞ்சு மாதிரி உதிர்ந்தது, ஒட்டவில்லை. மோந்து பார்த்தார்.

"பழைய புக்கு வாசனை வருது," என்றார், தனக்கே சொல்வது போல.

"இது நம்ம ஊர்த் தூசி இல்ல. திருவொத்தியூர்ல ஒரு மாசம் ஓடின விசிறியே கறுப்பாயிடும். இத மாத்தி வெக்கணும்னா இந்தத் தூசிக்கு நான் எங்க போவேன்?"

ஜெயவேல் மறுபடியும் தேய்த்தார். மறுபடியும். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப டில்லி?"

"அதத்தான் நானும் கேக்குறேன். யாரு வூட்டுப் பொட்டி இது? திருட்டு மாலா? அது தெரியாம நான் இத மூட மாட்டேன்." இப்போது சந்தேகம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. "அன்னைக்கு ஸ்டேஷன்ல குந்தினது போதும்."

அப்போதுதான் யசோதரா, "இங்க எதோ எழுதியிருக்கு," என்றாள். கையில் பிடித்திருந்த அடிமூடியைத் திருப்பியிருந்தாள். உட்பக்கத்தில் மங்கிய வெள்ளைச் சீட்டு. மேலே சிவப்பு முத்திரை. வெளியே ஒட்டியதைக் கிழித்துவிடுவார்கள் என்று உள்ளேயும் ஒட்டி வைத்த புண்ணியவான் யாரோ. கடலுக்கு அப்பாலும் நம்மைப் போல ஒரு ஆள் என்று வரலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

யசோதரா விரல் வைத்துப் படித்தாள். "ஷோகக்கோ. ஆரம்பப் பள்ளிக்கூடம். முன்னால இருக்கறது ஊர் பேரு, தெரியல. கீழ... தொஷோஷிட்சு. நூலகம். நூலக அறை, பதினாலாம் நம்பர்."

"நெசமா படிக்கிறியா? சும்மா அடிச்சி வுடுறியா?"

அவள் நோட்டைப் புரட்டி, பள்ளிக்கூடம் என்று எழுதிய பக்கத்தை எடுத்து வைத்தாள். ஜெயவேல் சீட்டின் மேல் ஒரு விரல், நோட்டின் மேல் ஒரு விரல் வைத்து, கோடு கோடாக ஒப்பிட்டார். மேலே மூன்று சின்னக் கீற்று. அதுவும் மூன்று. அதன் கீழே கூரை. இங்கேயும் கூரை. முடித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"செவப்புல இன்னா?" என்றாள் வரலட்சுமி.

"ரெண்டு எழுத்து. இது நான் படிக்கல அக்கா. கீழ தேதி, அவங்க வருசக் கணக்குல ரெய்வா அஞ்சு, மார்ச். ரெண்டாயிரத்து இருவத்து மூணு."

போனில் அகராதியைத் திறந்து அந்த எழுத்தை விரலால் வரைந்தாள். வேறு ஏதோ வந்தது. கோடுகளின் வரிசை தப்பு. இன்னொரு முறை. அதுவும் தப்பு. வெளியே டேங்கர் போனது. மேசை அதிர்ந்தது. மூன்று பேரும் அது அடங்கக் காத்திருந்தார்கள். மூன்றாம் முறை வந்தது.

"ஹாய்கி," என்றாள். "வேணாம்னு கழிச்சி வுட்டது. தூக்கிப் போட்டது."

"திருடினது இல்லியே?"

"இல்ல அக்கா. பள்ளிக்கூடமே முத்திரை குத்தி வெளிய போட்டுகீது."

"வேற எதுலயாவது பாரு."

இன்னொரு அகராதியிலும் அதுதான். வரலட்சுமி மூச்சு விட்டாள்.

"குப்பைன்னு ஜப்பான்காரன் போட்டத, புத்தம் புதுசுன்னு டில்லி எனுக்குக் குடுத்துகிறான்," என்றார் ஜெயவேல். "தோஸ்தாம் தோஸ்து! குடு அந்த மூடிய. இத்த அவன் மூஞ்சிக்கு முன்னால காட்டுறேன்."

"நாளைக்குப் பத்து மணி நைனா," என்றாள் யசோதரா. "அதுக்கப்புறம் காட்டு."

அவர் மூடியையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். மூடியை மேசையில் வைத்தார்.

வரலட்சுமி தூரிகையால் விசிறியைச் சுத்தம் செய்தாள். இறக்கை இறக்கையாக. செப்புத் தகட்டில் காய்ந்து பொருக்காகிப்போன, சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டி எடுத்தாள். புதுப் பசை, ஒரு அரிசியளவு. ஜெயவேல் குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றையும் பார்த்தார். "அந்த மூலையில இன்னும் கீது," என்று ஒரு முறை சொன்னார். இருந்தது. அவள் எடுத்தாள்.

மூடிவிட்டு யசோதராவை அடிக்கச் சொன்னாள். கேமரா விளக்கு எரிய, முழுசாக ஒரு மணி நேரம். பத்தொன்பதாவது நிமிஷத்தில் மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். இருபத்திரண்டிலும் அது கறுக்கவில்லை. நாற்பது தாண்டியது. வரலட்சுமி விடவில்லை. அறுபது முடிந்ததும் அடிப்பக்கத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பு.

"நாளைக்கு சார்ஜர்லயே சொருகி வை. பேட்டரிய நம்பாத. விசிறிக்குக் கீழ துணி வெக்காத. கரன்ட் போனா இன்னா பண்ணுவ?"

"ஆஸ்பத்திரியில ஓய்வறை தர்றதா சொன்னாங்க. ஜெனரேட்டர் இருக்கு."

"ஜெனரேட்டர் ஓடுதான்னு காலையில போய்ப் பாத்துக்கோ."

பதினொரு திருகாணித் தலைகளிலும் சிவப்புச் சொட்டு வைத்து, ஊதி உலர்த்தினாள். தாளை நீட்டினாள். "வாங்கிக்கினேன்னு யாராவது போட்டுத்தான் ஆவணும். இதுக்கு மேல நான் வுட மாட்டேன்."

ஜெயவேல் தாளை வாங்கி, தமிழில் எழுதியிருந்ததை வாய்க்குள் முழுசாகப் படித்தார். பின்பக்கமும் திருப்பினார், காலியாக இருந்தது. காலி இடத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், அப்புறம் யாரும் எதையும் எழுத முடியாதபடி. பிறகு தாளை மகளிடம் கொடுத்தார்.

"நீ போடு."

யசோதரா குனிந்து, ஜப்பான் எழுத்தில் நிதானமாகப் போட்டாள்.

"இன்னா எழுதின?"

"என் பேரு நைனா."

"இருக்கலாம்," என்றாள் வரலட்சுமி. "கீழ தமிழ்லயும் ஒரு தபா எழுதிடு."

எழுதினாள். ஜெயவேல் கணினியைத் தலைகீழாகப் பிடித்து, சிவப்புப் புள்ளிகளை விரல் படாமல் எண்ணினார். "பதினொண்ணு. சரியா கீது." வரலட்சுமி அதை அவர் கையிலிருந்து வாங்கி, தானும் ஒரு முறை எண்ணிவிட்டு, சார்ஜரோடு சேர்த்து யசோதராவின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.